குழாயில் சாக்கடை வாடை: ரிசல்ட் வருவதற்குள் ஊருக்கு என்ன சொல்வது?

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். சுமார் 600 வீடுகள். 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, 30,000 லிட்டர் தொட்டி ஒன்று. ஒரு வாரமாக மழை. பெரிய தொட்டியிலிருந்து போகும் தெற்குத்தெரு லைனில் நாலு நாளாகக் காலையில் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாகவும் சாக்கடை வாடையோடும் இருக்கிறது. அந்தப் பக்கம் 11 பேருக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு பேர் மருத்துவமனையில். நேற்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டோம். "ரிசல்ட் வரட்டும், அதுக்குள்ள மைக் போட்டு ஊரைப் பயமுறுத்தாதீங்க" என்கிறார்கள் பெரியவர்கள். இதற்கிடையே தொட்டிக்குள் நாய் செத்துக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. யாருக்கு, எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது? ரிசல்ட் வந்ததும் அதை எப்படி விளக்குவது?

பதில்: இன்று சாயங்காலமே சொல்லுங்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

கிருமிச் சோதனை என்பது மாதிரியை வளர்த்துப் பார்ப்பது. எவ்வளவு அவசரப்படுத்தினாலும் 24 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். மாதிரி போய்ச் சேர்வது, நடுவில் ஞாயிற்றுக்கிழமை, அறிக்கை கையெழுத்தாவது எல்லாம் சேர்த்தால் உங்கள் கைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். அத்தனை நாளும் அந்தத் தெருக்காரர்கள் அதே தண்ணீரைத்தான் குடிப்பார்கள். நீங்கள் இப்போது சொல்லப்போவது "தண்ணீர் கெட்டுவிட்டது" என்ற தீர்ப்பும் இல்லை. "தெரியும் வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்ற எச்சரிக்கைதான். இதற்கு ஆய்வக முத்திரை தேவையில்லை. வாடை, கலங்கல், ஒரே லைனில் 11 பேர் என்ற மூன்றுமே போதும்.

காத்திருந்த ஊர் ஒன்று உண்டு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் சிறு நகரம் வாக்கர்டன். 2000-ம் ஆண்டு மே மாதம் பெருமழைக்குப் பிறகு மாட்டுச் சாணக் கழிவு நகரக் குடிநீர்க் கிணறு ஒன்றில் கலந்தது. தண்ணீரில் கிருமி இருப்பதாக மே 17 அன்றே ஆய்வகம் நகரக் குடிநீர் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட்டது. நோயாளிகள் பெருகியதைப் பார்த்து சுகாதாரத் துறை கேட்டபோது, தண்ணீரில் கோளாறில்லை என்றே நிர்வாகம் பதில் சொன்னது. அந்தப் பதிலை நம்பாமல் வட்டார சுகாதார அலுவலர் மே 21 அன்று தன் பொறுப்பில் 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று அறிவித்தார். 7 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அந்த அறிவிப்பும் பெரும்பாலும் உள்ளூர் வானொலி வழியாகவே போனதால், வானொலி கேட்காத பலருக்கு அன்று விஷயமே தெரியவில்லை. உங்களுக்கு இதில் இரண்டு பாடம்: தாமதம் ஒன்று, ஒரே வழியை நம்பியது இன்னொன்று.

பீதி பற்றி. உங்கள் ஊரில் பீதி ஏற்கெனவே கிளம்பிவிட்டது. கிளப்பியது அந்த ஆடியோ. ஊராட்சி வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் நாய்க்குத்தான் சாதகம்.

அறிவிப்பதற்கு முன் இரண்டு போன் செய்யுங்கள். ஒன்று வட்டார மருத்துவ அலுவலருக்கு, இன்னொன்று பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்). அனுமதி கேட்டு இழுக்க வேண்டாம். "6 மணிக்கு மைக் போடுகிறோம், வாசகம் இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்" என்று வாசகத்தையும் அனுப்பிவிடுங்கள். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், அங்கன்வாடி ஊழியர், டேங்க் ஆபரேட்டர் நாலு பேர் கையிலும் அதே தாள் இருக்க வேண்டும். செயலர் "கொதிக்க வைங்க" என்று சொல்லி, ஆபரேட்டர் அதே தெருவில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நானே குடிக்கிறேன்" என்று சொன்னால் ஊர் ஆபரேட்டரைத்தான் நம்பும். அவர் பக்கத்து வீட்டுக்காரர்.

மைக் வாசகம் இப்படி இருக்கலாம் (தெருப்பெயர்கள் உதாரணத்துக்கு):

"தெற்குத்தெரு, மேட்டுத்தெரு, புதுத்தெரு மக்கள் கவனத்துக்கு. ஊராட்சியிலருந்து பேசறோம். பெரிய தொட்டி லைன்ல வர்ற தண்ணிய அப்படியே குடிக்காதீங்க. தளதளன்னு கொதிக்க வச்சு, மூடி ஆறவச்சு, அப்புறம் குடிங்க. பல் தேய்க்க, பழைய சோத்துல ஊத்த, மோர் கலக்க, சட்னி அரைக்க எல்லாத்துக்கும் கொதிச்சு ஆறுன தண்ணிதான். குளிக்கலாம், துணி துவைக்கலாம். பேதி, வாந்தி இருந்தா வீட்லயே வச்சுக்காம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. தண்ணில என்ன கலந்திருக்குன்னு இன்னும் தெரியல, சோதனைக்குப் போயிருக்கு. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு இதே வண்டி திரும்ப வரும், என்ன தெரிஞ்சாலும் சொல்றோம்."

முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். தெருப்பெயர் முதலில் வர வேண்டும். இல்லாவிட்டால் பாதி பேர் 'யாருக்கோ' என்று உள்ளே போய்விடுவார்கள். செய்ய வேண்டியது மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். "நுண்ணுயிரித் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் என ஐயப்படுவதால் பொதுமக்கள் தகுந்த முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு" என்று ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

ஆட்டோ ஓடிக்கொண்டே பேசினால் ஒரு வீட்டுக்கு இரண்டு வார்த்தைதான் விழும். ஒவ்வொரு முக்கிலும் நிறுத்தி, முழுசாக இரண்டு தடவை ஓடவிடுங்கள். நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்குப் போட்டால் நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போனவர்கள் காதில் விழாது. மாலை ஆறிலிருந்து ஏழரைக்குள் ஒருமுறை, விடிகாலை குழாய் திறக்கும் முன் ஒருமுறை. தப்படித்துச் சொல்லிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். தண்டோரா முறை கூடாது, ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள் என்று 2022-லேயே தமிழக அரசு சொல்லியிருக்கிறது.

மைக் எட்டாத ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்கள், காது கேளாதவர்கள், தனியாக இருக்கும் பாட்டிமார்கள். ரைஸ் மில்லிலோ செங்கல் சூளையிலோ வெளிமாநிலத் தொழிலாளிகள் இருந்தால், அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரை விட்டு இந்தியில் ஒரு நிமிட ஆடியோ பதிவு செய்து அங்கேயே போய்ப் போட்டுக் காட்டுங்கள். சுய உதவிக் குழுப் பெண்களிடம் ஒருவருக்கு 20 வீடு என்று பிரித்துக் கொடுத்தால் தெற்குத்தெரு லைன் முழுவதும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். அவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்: வீட்டு எண், சொன்னாயிற்றா, யாருக்காவது பேதியா. அந்தக் கடைசிக் கட்டத்துக்காகவே வீடு வீடாகப் போவது பயன்படும். மருத்துவமனைக்கு வராத நோயாளிகள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரியவரும்.

இனி வார்த்தை. "சுடவைத்துக் குடியுங்கள்" என்று சொல்லாதீர்கள். சுட வைப்பது என்றால் நம் வீடுகளில் கை பொறுக்கும் சூடு, குழந்தையைக் குளிப்பாட்டும் பதம். "வெந்நீர்" என்றாலும் அதே குழப்பம்தான். கொதிநிலைக்கு வந்து, பெரிய பெரிய குமிழியாகத் தளதளக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம். அவ்வளவுதான், கால் மணி நேரம் கொதிக்க விட வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்லுங்கள். பலர் கொதிக்க வைக்காமல் விடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, சிலிண்டர்தான் காரணம். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் பல் தேய்க்கவும் ஒரு நாளைக்கு 12 லிட்டர் போதும்.

கொதிக்க வைத்த பிறகுதான் தவறு நடக்கும். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவுவார்கள். அத்தோடு கொதித்தது வீண். கொதித்த தண்ணீரைக் காலையில் பிடித்த அதே கழுவாத குடத்தில் ஊற்றுவார்கள். டம்ளரோடு கையையும் உள்ளே விடுவார்கள். "கொதிச்ச பாத்திரத்துலயே மூடி ஆற விடுங்க, கைப்பிடி உள்ள கரண்டியால மொண்டு குடிங்க" என்ற வரியை வீடு வீடாகப் போகும் பெண்கள் சொல்லட்டும். மைக்கில் இதையும் சேர்த்தால் நீளும்.

பழைய சோறு, மோர், சட்னி மூன்றையும் பெயர் சொல்லி மைக்கில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. "குடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் ராத்திரி சோற்றில் ஊற்றும் தண்ணீரைக் குடிதண்ணீராக யாரும் நினைப்பதில்லை. இரவு முழுக்க வெதுவெதுப்பில் ஊறும் நீராகாரம் கிருமிக்கு நல்ல விருந்து. குழம்பு, ரசம், இட்லி கவலையில்லை. அவை கொதிக்கின்றன, வேகின்றன. மல்லித்தழை, வெள்ளரிக்காய் போலப் பச்சையாகத் தின்பதைக் கழுவுவதும் கொதித்து ஆறிய தண்ணீரில்தான். பால் பவுடர் கலக்கும் வீடுகளுக்குத் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் நிறுத்தக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். 'தண்ணி சரியில்ல, பால் குடுக்கலாமா' என்று நிச்சயம் கேட்பார்கள். டீக்கடை, சர்பத் கடை, பானிபூரி வண்டி, கோயில் தீர்த்தம், பள்ளிச் சத்துணவுக் கூடம், அங்கன்வாடி எல்லாம் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய இடங்கள்.

"எங்க வீட்ல ஆர்.ஓ. மெஷின் இருக்கு" என்பார்கள். அந்த லைனில் இருப்பவர்கள் மெஷின் தண்ணீரையும் கொதிக்க வைக்கட்டும். பில்டர் மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. குளோரின் மாத்திரை கொடுத்தால், அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று போட்டிருக்கிறதோ அந்த அளவைக் குடக் கணக்கில் மாற்றிச் சொல்லுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும்.

வெறும் எச்சரிக்கை கசக்கும். கூடவே எதையாவது கொடுங்கள். சின்னத் தொட்டி லைனில் புகார் இல்லை என்றால் அங்கிருந்து டிராக்டர் டேங்கரில் கொண்டுவரலாம். பாதிக்கப்பட்டது 200 வீடு என்று வையுங்கள். வீட்டுக்கு 20 லிட்டர் என்றால் 4,000 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கர் ஒரு நடை போதும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, வீட்டுக்கு எத்தனை குடம் என்பதையும் மைக்கில் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வண்டி வரவில்லை என்றால் மற்ற எல்லாப் பேச்சும் அடிபட்டுப் போகும்.

இப்போது நாய். "தொட்டியில் நாய் இல்லை" என்று மறுப்பு வெளியிடாதீர்கள். ஆடியோவைக் கேட்காதவர்களுக்கும் நாய் போய்ச் சேரும். அதற்கு பதிலாகத் தொட்டியைக் காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் ஆபரேட்டர் போனோடு ஏறி, பூட்டைத் திறப்பதிலிருந்து மூடியைத் தூக்கி உள்ளே நாலு மூலையும் காட்டி மறுபடி பூட்டுவது வரை ஒரே ஓட்டமாக வீடியோ எடுக்கட்டும். வெட்டி ஒட்டினால் சந்தேகம் வரும். கீழே அந்தத் தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் நிற்கட்டும், ஆனால் பொதுமக்களை மேலே ஏற்றாதீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தொட்டித் தண்ணீரில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்த பிறகு, தொட்டி மேல் வரும் சந்தேகத்தை 'வதந்தி' என்று ஒதுக்கிவிட முடியாது. மூடி உடைந்திருந்தாலோ பூட்டே இல்லை என்றாலோ அதையும் மறைக்காமல் சொல்லி, மாற்றிய பூட்டைக் காட்டுங்கள். எதைக் கண்டாலும் முதலில் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள், பிறகு வீடியோ.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் கோளாறு தொட்டியில் இருப்பதாகத் தோன்றவில்லை. தொட்டி கெட்டிருந்தால் அந்தத் தொட்டியின் எல்லா லைனிலும், நேரம் முழுக்கவும் தெரியும். ஒரே லைனில், முதலில் வரும் தண்ணீரில் மட்டும் வாடை என்றால் குழாய் எங்கோ கசிகிறது, அந்தக் கசிவைச் சுற்றிச் சாக்கடை தேங்கியிருக்கிறது. தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் நல்ல தண்ணீர் வெளியே கசியும். வால்வை மூடியதும் உள்ளே காலியாகி, வெளியே தேங்கியதை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த நாள் திறந்ததும் முதலில் தள்ளிக்கொண்டு வருவது அதுதான். யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் உறிஞ்சுவது இன்னும் பலமாக இருக்கும். இதை மக்களுக்குப் படம் போட்டுக் காட்டுங்கள்: ஒரு குழாய், ஓட்டை, சுற்றிச் சாக்கடை. 'ஏன் தொட்டியைக் கழுவியும் வாடை போகல' என்ற கேள்விக்கு இந்தப் படமே பதில். மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு அபராதம் என்று முதல் நாளே மிரட்டாதீர்கள். ஒளித்து வைப்பார்கள், உங்களுக்குத் தகவலும் வராது. "பத்து நாளைக்கு மட்டும் மோட்டார் போடாதீங்க, சாக்கடைய உங்க வீட்டுக்கே இழுக்குது" என்றால் பாதிப்பேர் கேட்பார்கள். கசிவு எந்த வீட்டு வாசலில் அகப்பட்டாலும் அந்த வீட்டுப் பெயரோ அந்தத் தெரு எந்தச் சாதி என்பதோ அறிவிப்பில் தொனிக்கக் கூடாது. 'பெரிய தொட்டி தெற்கு லைன்' என்பதே போதும்.

மாதிரி எடுத்த விதம் பிறகு பெரிய தலைவலியாகும். முதல் தண்ணீரில் வாடை என்று ஜனங்கள் சொல்ல, பத்து நிமிடம் ஓடவிட்டு, அதுவும் முந்தின இரவு பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போட்ட பிறகு மாதிரி எடுத்தால் 'கிருமி இல்லை' என்றுதான் வரும். ஊர் சிரிக்கும். நேற்று எந்தக் குழாயில், எத்தனை மணிக்கு, குளோரின் போட்டதற்கு முன்பா பின்பா என்று இப்போதே எழுதி வையுங்கள். ரிசல்ட்டைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளைக்கு இன்னும் இரண்டு மாதிரி: தெருவின் கடைசிக் குழாயில் திறந்த உடனே ஒன்று, பத்து நிமிடம் கழித்து அதே குழாயில் ஒன்று. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். உள்ளே துளி மருந்து இருக்கும், கழுவிவிடாதீர்கள். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை முறிப்பதற்காக வைத்தது அது. ஐஸ் பெட்டியில் அன்றே போய்ச் சேர வேண்டும். ஊராட்சியிலுள்ள கள ஆய்வுப் பெட்டியில் கிருமி பார்க்கும் குப்பி இருந்தால் அதிலும் பிடித்து வையுங்கள். கருத்தால் மலக் கழிவு கலந்திருக்கலாம் என்று பொருள். கருக்கவில்லை என்பதை 'சுத்தம்' என்று அறிவித்துவிடாதீர்கள்.

ஆய்வக அறிக்கையில் ஏகப்பட்ட வரிசைகள் இருக்கும். அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லாருடைய கண்ணும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) மேல்தான் போகும். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரே வரிசை: 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை இருக்கிறதா. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 படி அது இருக்கவே கூடாது. இருந்தால், "மனுஷன் அல்லது ஆடு மாட்டோட மலக்கழிவு கலந்திருக்கு, கொதிக்க வைக்கிறத நிறுத்தாதீங்க" என்பதே விளக்கம். டி.டி.எஸ். 900 என்று இருந்தால் அது உப்புக் கணக்கு. லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, டி.டி.எஸ். 100 உள்ள தண்ணீரிலும் காலரா இருக்கலாம்.

இதைச் சொல்லி வைப்பதற்கு இன்னொரு காரணம், இந்த மாதிரி வாரத்தில்தான் மெஷின் விற்கிற ஆட்கள் ஊருக்குள் வருவார்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை மின்சாரத்தில் சொருகுவார்கள். குழாய்த் தண்ணீர் காவி நிறத்தில் கலங்கி நாறும், மெஷின் தண்ணீர் தெளிவாக இருக்கும். அந்தக் காவி, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பு எடுத்த தண்ணீரில் பாயாது. நல்ல கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் அப்படித்தான் கலங்கும்.

குளோரின் வாடையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் 'மருந்து நாத்தம்' என்று குழாயை விட்டுவிட்டுக் குளத்துக்கும் திறந்த கிணற்றுக்கும் போவார்கள், அது இதைவிட மோசம். கணக்கு கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: 60,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் என்றால் 120 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் 25 சதவீதம்தான் குளோரின் என்று வைத்தால் 480 கிராம் பவுடர். வாளியில் குழைத்துக் கரைத்து, மண்டியைத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். பவுடரை அப்படியே கொட்டினால் அடியில் கட்டிக்கொள்ளும். பை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரென்றால் இந்தக் கணக்கே செல்லாது, புதுப் பை வாங்குங்கள்.

போட்டது போதுமா என்பதைத் தொட்டியடியில் பார்த்துப் பயனில்லை, கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள். குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவு பார்க்கும் கருவி) தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். சாதாரண நாளில் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் குறையக் கூடாது, இப்போதைக்கு 0.5 இருக்கட்டும். இதைத் தெருவில் நாலு பெண்கள் முன்னால் செய்யுங்கள். மஞ்சள் நிறத்தைக் கண்ணால் பார்த்தவர் பத்து பேரிடம் சொல்வார். சோதித்த தண்ணீரைக் குழந்தைகள் கைக்குப் போகாமல் கொட்டிவிடுங்கள், சொட்டு மருந்து நஞ்சு. தொட்டித் தூணில் கரும்பலகை ஒன்று வைத்து தேதி, நேரம், குழாய் இடம், அளவு எழுதுங்கள். அளவு சுழியம் வந்த நாளிலும் சுழியம் என்றே எழுத வேண்டும்.

சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "இவர்கள் நோய்க்கும் குடிநீருக்கும் சம்பந்தமில்லை." அதிகாரிகள் வாயில் முதலில் வருவது இதுதான். இரண்டு நாளில் ஆய்வகம் வேறு மாதிரிச் சொன்னால் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது. "தண்ணியாலயா சாப்பாட்டாலயான்னு இன்னும் தெரியல. தெரியுற வரைக்கும் தண்ணிய சந்தேகப்பட்டுத்தான் ஆகணும்" என்பது உண்மையும்கூட, யாரும் பிடித்துக்கொண்டு கேட்கவும் முடியாது. 1988-ல் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு பகுதியில் 20 டன் அலுமினியம் சல்பேட் தவறான தொட்டியில் கொட்டப்பட்டு 20,000 பேருக்குப் போகும் குடிநீரில் கலந்தது. தண்ணீர் ஆபத்தில்லை, ருசி பிடிக்காவிட்டால் ஆரஞ்சுச் சாறு கலந்து குடியுங்கள் என்று பதில் வந்தது. உண்மைக் காரணம் பொதுமக்களுக்குத் தெரிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தப் பகுதியில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இந்தக் கேமல்ஃபோர்டு கதையில் உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. கொதிக்க வைக்கச் சொல்வது கிருமிக்கு மட்டுமே மருந்து. ரசாயனம், எண்ணெய், உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சம் இன்னும் அடர்த்தியாகும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டினால் கைக்குழந்தையின் பால் பவுடருக்கு அந்தத் தண்ணீரே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடு ஆண்டுக்கணக்கில் பல்லையும் எலும்பையும் பிடிக்கிற விஷயம். அதற்கு ராத்திரியில் மைக் போட வேண்டியதில்லை, மாற்றுத் தண்ணீர் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்களுக்குத் தேவைப்பட்டது பவுசரில் (டேங்கர் லாரியில்) வந்த வேறு தண்ணீர். பயமில்லை என்று ஒரு பக்கமும் எண்ணெய் இருக்கிறது என்று மறுபக்கமும் அறிக்கைகள் வந்தன. கடைசியில் 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. உங்கள் ஊரில் யாராவது 'பெட்ரோல் வாடை', 'மருந்து வாடை' என்று சொன்னால், கொதிக்க வைக்கச் சொல்லாதீர்கள். "இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, சமைக்காதீங்க" என்று அறிவிப்பையே மாற்றுங்கள்.

நோயாளிகள் பக்கம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கால் பாக்கெட் என்று கண்ணளவில் பிரிக்கக் கூடாது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய டீஸ்பூனில் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியெடுத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ 108.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் எண் போடுங்கள்: அறிவிப்பு 1, தேதி, நேரம். பழைய மெசேஜ் மூன்று வாரம் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றும். எண் இருந்தால் 'இது 1, இப்போ 4 ஓடுது' என்று ஒரே வரியில் அடக்கலாம். நாளை ஆறு மணிக்கு வருவோம் என்று சொன்னால், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் வண்டி வர வேண்டும். "ரிசல்ட் இன்னும் வரல, ரெண்டு எடத்துல தோண்டிப் பார்த்தாச்சு, மூணாவது எடம் நாளைக்கு" என்பதும் செய்திதான்.

எச்சரிக்கையை நீக்குவது, போடுவதைவிடக் கஷ்டம். ஒரு ரிசல்ட் நல்லபடி வந்ததும் 'எல்லாம் சரியாயிடுச்சு' என்று சொல்லிவிடாதீர்கள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்திருக்க வேண்டும். லைனைக் கழுவி விட்டிருக்க வேண்டும். கடைசிக் குழாயில் குளோரின் நிற்க வேண்டும். ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகள், முதல் தண்ணீர் உட்பட, சுத்தமாக வந்திருக்க வேண்டும். வட்டார மருத்துவ அலுவலர் ஒப்புக்கொண்ட பிறகு அதே ஆட்டோ, அதே குரல், அதே முக்குகள். அப்போது சொல்ல வேண்டியது: "குழாயத் திறந்து அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் பிடிங்க. சின்டெக்ஸ், கீழ்த்தொட்டி வச்சிருக்கவங்க காலி பண்ணி, பிளீச்சிங் தண்ணில கழுவி, அப்புறம் நிரப்புங்க. இந்த ரெண்டு வாரத்துல பிடிச்சு வச்ச தண்ணி குடத்துல, அண்டாவுல எதுல இருந்தாலும் குடிக்க வேணாம், செடிக்கு ஊத்துங்க." கடைசி வரிதான் பலரும் விட்டுவிடுவது. லைன் சுத்தமான பிறகும் பேதி வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வீட்டு அண்டாவைப் பாருங்கள்.